சேனாரத்ன தேடிய கிளச் பம்ப்

கெப்பெட்டிப்பொல சந்தைக்கு ஏறும் பாதையில், கியரைக் குறைப்பதற்காக சேனாரத்ன கிளச்சை மிதித்தபோது மிதி அப்படியே தரையோடு போய் ஒட்டிக்கொண்டது. காலை எடுத்தான். மிதி மேலே வரவில்லை. செருப்பு நுனியால் அதைத் தூக்கிவிட்டு மறுபடி மிதித்தான். ஈரத்துணியை மிதித்தது போலிருந்தது.

பின்னால் முப்பத்தெட்டு மூட்டை போஞ்சிக்காய். முன்னால் இன்னும் இரண்டு மைல் ஏற்றம். நின்றால் போச்சு. அவன் ஆக்சிலேட்டரிலிருந்து காலை லேசாகத் தூக்கி, எஞ்சின் மூச்சு வாங்கும் அந்த ஒரு கணத்தில் கியரை உருவினான். பிறகு எஞ்சினைக் கொஞ்சம் உறுமவிட்டு, சத்தம் சரியாக வந்த இடத்தில் முதல் கியரைத் தள்ளினான். ஒரு நறநறப்பு. விழுந்துவிட்டது. இருபத்திரண்டு வருஷம் அதே லொறியை ஓட்டியவனுக்கு எந்தச் சத்தத்தில் எந்தக் கியர் இறங்கும் என்று காது சொல்லும். சந்தை வாசலில் முன்னால் ஒரு வண்டி நின்றதால் எஞ்சினையே அணைக்க வேண்டியதாயிற்று. கியரில் வைத்தபடியே சாவியைத் திருப்பினான். லொறி உதைபட்ட மாடு மாதிரி இரண்டு தடவை துள்ளிவிட்டுப் புறப்பட்டது. மூட்டை இறக்குகிறவர்கள் சிரித்தார்கள்.

சரக்கைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டான். ஆனால் இப்படி ஒரு தடவை ஓட்டலாம், தினமும் ஓட்ட முடியாது.

அவனுடைய ஊர் ருக்கத்தென்ன. பதினொரு வீடுகள். அத்தனை பேரும் போஞ்சி போட்டிருந்தார்கள். ஊருக்குப் போகிற பாதையில் ஒரு குறுகிய பாலம். பாலம் தாண்டினால் ஒரு தேயிலைச் சரிவு. சரிவின் முடிவில் லொறி திரும்புவதற்குக் கையகல இடம். பெரிய லொறிகள் அங்கே வராது. வந்தாலும் திரும்பாது. நாற்பது வருஷத்துக்கு முந்தி ஜப்பானில் செய்த, கட்டைக்குட்டையான அவனுடைய லொறிதான் அந்தப் பதினொரு வீட்டுக்கும் சந்தை. போஞ்சியை மூன்று நாளுக்கு ஒருதரம் பறித்தாக வேண்டும். விட்டால் நார் பிடித்து, விதை துருத்தி, மாட்டுக்குத்தான் போட வேண்டும்.

வெலிமடையில் கராஜ் வைத்திருக்கும் குலசேன பாஸ் லொறிக்குக் கீழே படுத்து, பழைய கீழ் பம்பைக் கழற்றி எடுத்துவந்து கடதாசியில் வைத்தார். மிதியோடு சேர்ந்திருப்பது மேல் பம்ப். மிதித்தால் அது எண்ணெயைக் குழாய் வழியாகத் தள்ளும். அந்த எண்ணெய் கியர்பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் கீழ் பம்பைத் தள்ளும். அது தள்ளினால்தான் கிளச் விலகும். கைமுட்டியளவு சாமான்தான். அதன் வயிற்றில் தலைமயிர் போல ஒரு வெடிப்பு ஓடியிருந்தது.

ரப்பரை மாற்றினால் ஆகாதா என்று சேனாரத்ன கேட்டான். போன வருஷம் அப்படித்தான் ஓட்டினோம், அதற்கு முந்தின வருஷம் லேத்தில் உள்ளே கடைந்து ஓட்டினோம், இனிக் கடைய இதன் உடம்பில் சதை இல்லை என்றார் பாஸ். புதிது? வாகன இறக்குமதியே நின்று மூன்றாவது வருஷம். இந்த வயதுச் சாமானை அதற்கு முன்னாலேயே யாரும் இறக்கவில்லை. கொழும்பில் பழைய வாகனச் சாமான் விற்கிற பஞ்சிகாவத்தைக்குப் போய்ப் பார், அங்கே இல்லையென்றால் லங்காவிலேயே இல்லை என்று சொல்லி, ஒரு ஈர்க்கை எடுத்துப் பம்பின் உள்வாய் அகலத்துக்குச் சரியாக ஒடித்துக் கொடுத்தார்.

"கடைக்காரன் ஆயிரம் சொல்லுவான். இந்த ஈர்க்கு உள்ள போய்க் குறுக்கால நிக்கணும். ஆடினாலும் வாங்காத, நுழையலைன்னாலும் வாங்காத."

பெண்சாதி நந்தாவதி ரொட்டியும் சம்பலும் கட்டிக் கொடுத்தாள். மறுநாள் பறிக்க வேண்டிய காய் அடுத்த நாளுக்குத் தள்ளிப்போயிருப்பதை அவன் பஸ் ஏறும்போது அவள் சொல்லவில்லை. அவனுக்கும் தெரியும் என்பதால்தான்.

பஞ்சிகாவத்தையில் அவன் நுழைந்த முதல் ஆறு கடைகளில் பம்பைக் கையில்கூட வாங்கவில்லை. கடதாசியை விரித்ததுமே தலையை ஆட்டினார்கள். ஏழாவது கடைக்காரன் ஒரு புதுப் பெட்டியை எடுத்துவந்து இதேதான், கண்ணை மூடிக்கொண்டு போடலாம் என்றான். சேனாரத்ன ஈர்க்கை எடுத்தான். அது உள்ளே போய்ச் சாய்ந்து விழுந்தது. கடைக்காரனுக்கு முகம் கறுத்துவிட்டது. விளக்குமாத்தைக் கொண்டுவந்து சாமான் வாங்குகிறவனை இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்று பக்கத்துக் கடைக்குக் கேட்கும்படி சொன்னான். இன்னொரு கடையில் ஈர்க்கு சரியாக நின்றது, ஆனால் ஆணித் துளைகள் நகமளவு தள்ளியிருந்தன. அதைக் கையில் வைத்துக்கொண்டு அவன் நெடுநேரம் நின்றான். நகமளவுதான். ஆனால் இரும்பில் நகமளவு என்பது ஊர் தாண்டின தூரம்.

மதியத்துக்குப் பிறகு ஒரு சந்துக்குள், கூரைவரை கியர்பெட்டிகள் அடுக்கிய கடையில் ஸவாஹிர் நானாவைப் பார்த்தான். அறுபது வயதுக்கு மேலிருக்கும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பம்பை முகர்ந்து பார்த்தார்.

"இதை நீங்க ஓட்டுறீங்களா தம்பி, இல்ல பூ வச்சுக் கும்பிடுறீங்களா?"

"ஓட்டுறேன் நானா. நாளைக்கு மறுநாள் போஞ்சி ஏத்தணும்."

அவர் சிரிக்கவில்லை. உட்காரச் சொன்னார். தன்னிடம் இல்லை, இந்தத் தெருவிலும் இருக்காது, வீணாக நடக்க வேண்டாம் என்றார். பிறகு சொல்வதா வேண்டாமா என்று யோசிப்பவர் போலக் கொஞ்ச நேரம் பம்பை உருட்டிக்கொண்டிருந்தார். நாலு வருஷத்துக்கு முன்னால் இதே மாதிரி லொறி வைத்திருந்த ஒருவருக்கு அசல் ஜப்பான் கீழ் பம்ப் ஒன்று கொடுத்தாராம். மேல் பம்புக்கு நல்ல சாமான் அகப்படாமல் கையிலிருந்த ஏதோ ஒன்றைக் கொடுத்தாராம். ஆள் பெயர் தர்மகீர்த்தி. கேகாலைப் பக்கம் கலிகமுவையில் செங்கல் ஏற்றுகிறவர். சாமான் மாட்டி எட்டு மாதத்தில் பாரிசவாதம் அடித்து விழுந்துவிட்டார். லொறி வீட்டு வாசலில் நிற்கிறது.

"மூணு பேரை அனுப்பிட்டேன். அந்த அம்மா மூணு பேரையும் விரட்டிட்டா. நீங்களும் போய் வாங்கிக் கட்டிக்கிட்டு வரலாம். என் பேரைச் சொல்லாதீங்க, சொன்னா வாசப்படிகூட ஏற விடமாட்டா."

அன்றிரவு தூரத்து உறவுக்காரன் ஒருவனின் அறையில் படுத்துவிட்டு, விடிந்ததும் கண்டி பஸ் ஏறினான் சேனாரத்ன. கலிகமுவையில் இறங்கி விசாரித்தபோது, லொறி நிற்கிற வீடுதானே என்று முதல் ஆளே கையைக் காட்டினார்.

றம்புட்டான் மரத்தடியில் லொறி நின்றது. அதைப் பார்த்ததும் சேனாரத்னவுக்கு ஒருமாதிரி ஆகிவிட்டது. தன்னுடைய வண்டிதான் அவனுக்கு முன்னால் வந்து நிற்பது போலிருந்தது: அதே வட்ட விளக்குகள், அதே நெளிந்த மூக்கு. ஆனால் இது கழுவித் துடைத்திருந்தது. சக்கரங்களுக்கு அடியில் பலகை கொடுத்திருந்தார்கள். சாரதிப் பக்கக் கதவுக்குக் கீழே மரத்தில் மூன்று படிகள் செய்து, கைப்பிடியும் வைத்திருந்தார்கள். கதவுக் கண்ணாடி இறக்கியிருந்தது. உள்ளே ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார்.

வீட்டிலிருந்து ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு ஓர் அம்மாள் வந்தாள். ஒல்லியான உடம்பு, நரைத்த கொண்டை. அவள்தான் சுமனலதா. சேனாரத்னவின் கையிலிருந்த கடதாசிப் பொட்டலத்தைப் பார்த்ததுமே அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது.

"லொறிச் சாமானுக்கா வந்தீங்க?"

"ஆமாக்கா. கீழ் பம்ப் ஒண்ணுதான். வெலிமடைப் பக்கமிருந்து வாறேன்."

"எங்கயிருந்து வந்தாலும் அதே பதில்தான். ஒரு ஆணிகூடக் கழட்ட விடமாட்டேன்."

அவள் கத்திச் சொல்லவில்லை. பல தடவை சொல்லிப் பழகிய குரலில் சொன்னாள். ஆனாலும் தூரத்திலிருந்து வந்தவனை வெறும் வாயோடு அனுப்ப அவளுக்கு மனம் வரவில்லை. வாசல் பெஞ்சில் உட்காரச் சொல்லி, பிளேன்டீயும் ஒரு துண்டு கித்துள் கருப்பட்டியும் கொண்டுவந்து வைத்தாள். நின்றபடியே கதையைச் சொன்னாள். அவருக்கு இடது பக்கம் மொத்தமாகப் போனது. ஆஸ்பத்திரியில் கற்றுக்கொடுத்த பயிற்சியை அவர் நாலு நாள்கூடச் செய்யவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்துவிட்டார். ஒரு நாள், வேறு வழி தெரியாமல், அவளும் அவளுடைய தம்பியுமாக அவரைத் தூக்கி லொறியில் வைத்தார்கள். இடது கால் தானாகக் கிளச்சைத் தேடியது. அன்றைக்கு மிதியைத் தொட மட்டும் முடிந்தது. இரண்டு மாதத்தில் பாதிவரை அழுத்தினார். இப்போது தினமும் காலையில் எழும்பி, தானே கோலை ஊன்றி வந்து, மூன்று படியையும் ஏறி உட்கார்ந்து, ஒரு மணிநேரம் கிளச்சை மிதிப்பார்.

"அந்த மிதியாலதான் காலு வந்துச்சு தம்பி. அதுல போய்க் கை வைக்கச் சொல்றீங்களா?"

சேனாரத்ன டீயைக் குடித்து முடித்து, போகும் முன் அண்ணனைப் பார்த்து ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போகட்டுமா என்று மட்டும் கேட்டான். பேசுங்கள், ஆனால் வாய் குழறும், விளங்காவிட்டால் தலையை ஆட்டாதீர்கள், அவருக்குக் கோபம் வரும் என்று சொல்லிவிட்டு அவள் அடுப்பைப் பார்க்க உள்ளே போனாள்.

தர்மகீர்த்தி அகன்ற தோள்காரர். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. சேனாரத்ன படியில் ஏறி நின்று, தன்னிடமும் இதே லொறிதான் என்றதும் அவருடைய வலது கண் முழுசாகத் திறந்தது. எங்கே, என்ன ஏற்றுகிறாய், எத்தனை வீடு என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். முதலில் சேனாரத்னவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. இன்னொரு தரம் சொல்லுங்கள் அண்ணே என்றான். அவர் கோபப்படவில்லை, இன்னொரு தரம் சொன்னார். கிளச் இல்லாமல் ஏற்றத்தில் கியர் மாற்றிய கதையைச் சேனாரத்ன சொன்னபோது அவர் வலது கையைத் தூக்கி, காற்றில் ஒரு கியரை உருவி, காத்திருந்து, அடுத்ததைப் போட்டுக் காட்டினார். காத்திருந்த அளவு அத்தனை சரி. சேனாரத்ன சிரித்துவிட்டான். அவரும் சிரித்தார். அரை முகம்தான் சிரித்தது.

பிறகு அவர் வீட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, கீழே கையைக் காட்டினார்.

"கை வச்சுப் பாரு."

சேனாரத்ன குனிந்து கிளச் மிதியின் மேல் உள்ளங்கையை வைத்தான். அழுத்தவே இல்லை. அது தன் பாட்டில் தரைக்குப் போய்விட்டது. மேல் பம்ப் செத்துப்போயிருந்தது. நானா கொடுத்த கள்ளச் சாமான். எண்ணெய் கசிந்து இறங்கின கறை, மிதியின் தண்டில் காய்ந்துபோயிருந்தது.

"எப்பயிருந்து அண்ணே?"

"ஆறு மாசம்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு அவர் இன்னொன்றும் சொன்னார். அதைச் சேனாரத்ன ஒரே தடவையில் விளங்கிக்கொண்டான். "அவகிட்ட சொல்லாத."

ஆறு மாதமாக இந்த மனிதர் காற்றை மிதித்துக்கொண்டிருந்திருக்கிறார். கால் அதற்குமேல் தேறவில்லை. தேறாது என்று அவருக்கும் தெரியும். ஆனால் காலையில் அவர் படி ஏறும்போது வாசலில் நிற்கிற பெண்சாதியின் முகத்தைப் பார்த்துவிட்டு, அதைச் சொல்ல அவருக்கு நா எழவில்லை.

படியிலிருந்து இறங்கிய சேனாரத்ன லொறிக்குக் கீழே குனிந்து பார்த்தான். கீழ் பம்ப் அங்கேதான் இருக்கிறது, இரண்டு ஆணியில். யாருக்கும் பயனில்லாமல். அடுப்படிக்குப் போய், அக்கா, அந்த மிதி செத்து ஆறு மாதம் ஆகிறது, இனி அதை வைத்திருந்து என்ன செய்யப் போகிறீர்கள் என்று ஒரு வரி சொன்னால் போதும். பொய்யும் இல்லை. பதினொரு வீட்டுக் காய் கொடியில் முற்றிக்கொண்டிருக்கிறது. இதையெல்லாம் நினைத்தபடி அடுப்படி வாசல்வரை போனான். அவள் திரும்பிப் பார்த்தாள்.

"போய்ட்டு வாறேன்கா. டீ நல்லாருந்துச்சு" என்றான்.

பொட்டலத்தை எடுத்துக்கொண்டு நடந்தான். சந்தியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது தன்மேலேயே அவனுக்கு எரிச்சலாக இருந்தது. ஊரில் போய் என்னவென்று சொல்வது? ஒரு மனிதர் காற்றை மிதிப்பதற்காக உங்கள் போஞ்சியை விட்டுவிட்டு வந்தேன் என்றா? நந்தாவதி ஒன்றும் சொல்லமாட்டாள். மற்றப் பத்து வீட்டுக்காரர்கள் சும்மா இருப்பார்களா?

ஒரு பஸ் நிறைந்து போனது. அடுத்ததற்குக் காத்திருந்தபோது, குடையைக்கூட விரிக்காமல் வெயிலில் சுமனலதா வேகமாக வருவது தெரிந்தது. வந்து நின்று மூச்சு வாங்கினாள்.

"அவரு உங்ககிட்ட என்ன சொன்னாரு?"

"போஞ்சியைப் பத்திக் கேட்டாருக்கா. ரோட்டைப் பத்திக் கேட்டாரு."

"வேற?"

"வேற ஒண்ணுமில்ல."

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். பிறகு ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டு பேசினாள். முப்பது வருஷம் லொறிக்காரனுக்கு வாழ்க்கைப்பட்டவள் அவள். ஆறு மாதத்துக்கு முன் ஒரு நாள் அவருடைய இடது காலுறையைத் துவைக்கும்போது எண்ணெய் வழுக்கியது. முகர்ந்து பார்த்தாள். கிளச் எண்ணெய். மறுநாளும் அதே. ஒரு வாரம் கழித்து எண்ணெய் வருவது நின்றுவிட்டது; வருவதற்கு இனி ஒன்றுமில்லை என்று அவளுக்கு விளங்கியது. அவர் சொல்வார் என்று பார்த்தாள். சொல்லவில்லை. தெரியும் என்று இவளும் காட்டிக்கொள்ளவில்லை.

"நான் சொல்லிட்டா அவரு காலையில எதுக்கு எழும்புவாரு? மறுபடி சுவத்தைப் பாத்துக்கிட்டுப் படுத்துருவாரு." அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "மூணு பேரு வந்தாங்க. மூணு பேரும் மிதியை அமுக்கிப் பாத்துட்டு நேரா என்கிட்ட வந்து, அம்மா இது செத்த சாமான், சும்மாதானே கிடக்குதுன்னு சொன்னாங்க. அவரு காதுல விழுமுன்னே பாம்பு விரட்டுற மாதிரி விரட்டுனேன். நீங்க பாத்துட்டும் ஒண்ணும் சொல்லாம வந்துட்டீங்க."

சேனாரத்னவுக்கு வெட்கமாக இருந்தது. அடுப்படி வாசல்வரை போனதை அவளிடம் எப்படிச் சொல்வது?

"அக்கா" என்றான் கடைசியில். "அண்ணனுக்கு வேண்டியது பம்ப் இல்ல. காலை எதுத்துத் தள்ளுற மாதிரி ஒண்ணு. ஒரு ஸ்பிரிங் போதும். நான் போட்டுத் தாறேன். பம்ப் தந்தாலும் சரி, தராட்டியும் சரி."

அவள் ரோட்டைக் கடந்து, மோட்டார் சைக்கிள் திருத்துகிற கடையை நோக்கி நடந்தாள். அதுதான் பதில் என்று கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவனுக்கு உறைத்தது.

அங்கே கிடைத்த ஸ்பிரிங் மகா முரடு. லொறிக்குள் மிதிக்கும் தரைக்கும் நடுவில் அதை வைத்துப் பார்த்தபோது, சேனாரத்னவே இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மிதிக்க வேண்டியிருந்தது. பக்கத்து ஆசனத்துக்கு நகர்ந்து உட்கார்ந்திருந்த தர்மகீர்த்தி அதைப் பார்த்து, யானைக்கா என்று கேட்டார். அவருக்கு இன்னும் யாரும் எதையும் விளக்கவில்லை. பெண்சாதியும் வந்தவனும் திடீரென்று ஒன்றாக வந்து மிதியடியில் குடைவதைப் பார்த்து, அவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சுமனலதாதான் சொன்னாள். ஆசனத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, அவரைப் பார்க்காமல் சொன்னாள்.

"உங்க காலுறையைத் துவைக்கிறது யாருன்னு நினைச்சீங்க? ஆறு மாசமா எனக்கும் தெரியும்."

சேனாரத்ன ஸ்பிரிங்கைத் தூக்கிக்கொண்டு இறங்கி, இன்னொன்று தேடி வருகிறேன் என்று சொல்லிவிட்டு நடந்தான். அவசரமில்லாமல் நடந்தான். சந்தியில் வாகன ஆசனங்களுக்கு மெத்தை தைக்கிற குஷன் கடை ஒன்று இருந்தது. பழைய பஸ் ஆசனங்களிலிருந்து உருவிய ஸ்பிரிங்குகள் ஒரு பீப்பாய் நிறையக் கிடந்தன. கையால் அமுக்கி அமுக்கிப் பார்த்து நாலைந்து பொறுக்கினான். திரும்பி வந்தபோது இருவரும் முன் ஆசனத்தில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். சுமனலதாவின் கண் சிவந்திருந்தது. தர்மகீர்த்தியின் நல்ல கை அவளுடைய மடியில் கிடந்தது. பம்பைக் கழற்றிக்கொள்ளுங்கள் என்றாள் அவள். சேனாரத்ன பார்க்காதவன் மாதிரி லொறிக்குக் கீழே புகுந்தான்.

கீழ் பம்பில் குழாய் மாட்டியிருந்த திருகு துருப்பிடித்து அசைய மறுத்தது. வற்புறுத்தினால் முறிந்துவிடும். மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட்டு, சுமனலதா கொடுத்த சோற்றைச் சாப்பிட்டான். பலாக்காய்க் கறி, கருவாடு, பருப்பு. மேலேயிருந்து தர்மகீர்த்தி இருமிக்கொண்டே ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் சுமனலதா மொழிபெயர்த்தாள்: கழற்றும் பக்கத்துக்குத் திருகாதே, முதலில் இறுக்குகிற பக்கம் ஒரு மயிரிழை திருப்பு, அப்புறம் கழற்று என்கிறார். சேனாரத்ன அப்படியே செய்தான். டக்கென்று ஒரு சத்தம். திருகு விட்டுக்கொடுத்தது.

பம்ப் கையில் வந்தது. கனமான, சுத்தமான சாமான். ஈர்க்கு உள்ளே போய் அசையாமல் குறுக்கே நின்றது. மல்லாந்து படுத்தபடி, முகத்துக்கு மேலே அதைப் பிடித்துக்கொண்டு அவன் சற்று நேரம் அப்படியே கிடந்தான்.

மூன்றாவது ஸ்பிரிங் ஒத்துவந்தது. அடியில் ஒரு மரக்கட்டை வைத்து, நழுவாதபடி கம்பி சுற்றிக் கட்டினான். தர்மகீர்த்தி தன் இடத்துக்கு மாறி உட்கார்ந்தார். இடது காலை வலது கையால் தூக்கி மிதியில் வைத்து அழுத்தினார். மிதி இரண்டு விரலளவு இறங்கி நின்றுவிட்டது. அவருடைய கழுத்து நரம்பு புடைத்தது. இன்னும் ஒரு விரலளவு இறங்கியது. அவர் காலைத் தளர்த்தினார். மிதி அதை மேலே தூக்கிக்கொண்டு வந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். நெற்றியில் வியர்த்திருந்தது.

"கனம்" என்றார். திட்டுவது போலத்தான் சொன்னார். ஆனால் உடனே மறுபடி மிதித்தார்.

விலை எவ்வளவு என்று சேனாரத்ன கேட்டபோது, கடையில் என்ன விலையோ அதில் பாதி என்றாள் சுமனலதா. பேரம் அங்கேயே முடிந்தது. உன்னுடைய பழைய பம்பைக் கொண்டுபோக வேண்டாம், இங்கேயே மாட்டிவிட்டுப் போ என்று தர்மகீர்த்தி பிடிவாதம் பிடித்தார். அந்த இடம் வெறுமையாக இருப்பது அவருக்குப் பிடிக்கவில்லையாம். வெடித்த பம்பை அங்கே பூட்டிவிட்டு சேனாரத்ன பஸ் ஏறினான். கண்டியில் மாறி, நுவரெலியாவில் மாறி, வெலிமடைக்கு வந்து சேரும்வரை பொட்டலத்தை மடியிலிருந்து இறக்கவில்லை.

மறுநாள் காலை குலசேன பாஸ் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, இதை எங்கே களவெடுத்தாய் என்று கேட்டார். இரண்டு ஆணியை முடுக்கி, புது எண்ணெய் ஊற்றினார்கள். சேனாரத்ன மேலேயிருந்து மிதித்துப் பிடிக்க, பாஸ் கீழேயிருந்து காற்றைத் திறந்துவிட்டார். பத்துப் பன்னிரண்டு தடவை நுரை துப்பிய பிறகு மிதி கெட்டியாயிற்று. பத்து மணிக்கு லொறி பாலத்தைத் தாண்டி ருக்கத்தென்னைக்குள் நுழைந்தது. காயில் கால்வாசி முற்றிப்போயிருந்தது. முற்றியதை ஒதுக்கி, மற்றதை மூட்டை கட்டினார்கள். ஒரு நாள் தாமதமென்று நாலு பேர் முணுமுணுத்தார்கள், ஆனால் ஏற்றுவதற்கு அத்தனை பேரும் கை கொடுத்தார்கள். நந்தாவதிக்கு மட்டும் அவன் முழுக் கதையையும் சொன்னான். அடுப்படி வாசல்வரை போனதையும் சேர்த்துத்தான். அவள் கேட்டுவிட்டு, போகாமலா இருப்பாய், யாராயிருந்தாலும் போவார்கள், வாயைத் திறக்கவில்லையே என்றாள்.

ஒரு மாதம் கழித்து, சந்தையில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. சுமனலதா. முதலில் அவள் நலம் விசாரித்தாள். அவர் இப்போது மிதியை அடிவரை அழுத்துகிறார், ஆனால் பத்துத் தடவைக்கு மேல் முடியவில்லை என்றாள். கோல் இல்லாமல் நடப்பார் என்று டாக்டர் சொல்லவில்லையாம். ஆனால் நேற்று கிணற்றடிவரை போய் வந்தாராம். உங்களோடு பேச வேண்டுமென்று காலையிலிருந்து என் உயிரை வாங்குகிறார் என்று சொல்லி, தொலைபேசியைக் கொடுத்தாள்.

"சரக்கோட அந்த ஏத்தத்துல" என்றார் தர்மகீர்த்தி மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக. "எத்தனையாவது கியர்?"

"ரெண்டுலதான் அண்ணே. நல்லா ஏறுது."

"ஒண்ணு போடு. அது என் பம்ப்."

மூட்டை இறக்குகிற சத்தத்தில் சேனாரத்ன ஒரு காதைப் பொத்திக்கொண்டு நின்றான். பின்னால் சுமனலதா, என்ன பேச்சு இது, ஊரார் வண்டியை எப்படி ஓட்டுவதென்று இங்கேயிருந்து கட்டளையா என்று அவரைத் திட்டுவது கேட்டது. அவர் அதைக் காதில் வாங்கினதாகத் தெரியவில்லை. பிரேக் எப்படி என்று கேட்டார்.